கத்தரித்தது யார்? நையாண்டித் தொலைக்காட்சி, மத உணர்வு, தணிக்கை: ஓர் அறிமுகம்

2010 ஏப்ரல் 21 அன்று இரவு, அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் என்ற கேபிள் சேனலில் 'சவுத் பார்க்' கார்ட்டூன் தொடரின் 201ஆம் பகுதி ஒளிபரப்பானது. முந்தைய வாரத்துப் பகுதியில் நபிகள் நாயகத்தைக் கதையில் கொண்டுவந்ததற்காக அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு மிரட்டல் வந்திருந்தது. ட்ரே பார்க்கர், மேட் ஸ்டோன் என்ற இருவர் உருவாக்கி 1997 முதல் நடத்தி வரும் அந்தத் தொடரில், கதை முடியும் தறுவாயில் சிறுவர்களில் ஒருவன், இன்று எனக்கு ஒரு விஷயம் புரிந்தது என்று தொடங்கி ஒரு சிற்றுரை ஆற்றுவது வழக்கம். அன்றும் கைல் என்ற சிறுவன் பேசினான். வாய் அசைந்தது, காதில் விழுந்ததோ பீப் ஒலி. அவனுக்குப் பின் பேசிய பாத்திரங்களுக்கும் அதே கதிதான். எல்லாமாகச் சேர்ந்து அரை நிமிடத்துக்கும் மேலாக அந்த ஒலி நீண்டது. பார்த்தவர்களில் பலர், இதுவும் அந்த இருவரின் குறும்புகளில் ஒன்றாக இருக்கும் என்றே எண்ணினார்கள். மறுநாள் பார்க்கரும் ஸ்டோனும் வெளியிட்ட அறிக்கை அந்த எண்ணத்தைக் கலைத்தது. பீப் ஒலியைச் சேர்த்தது தாங்கள் அல்ல, சேனல்தான் என்றும், மறைக்கப்பட்ட அந்த உரையில் நபிகள் நாயகத்தின் பெயர்கூட இல்லை, மிரட்டலையும் அச்சத்தையும் பற்றித்தான் கைல் பேசினான் என்றும் அதில் தெரிவித்திருந்தார்கள்.

இது கருத்துச் சுதந்திரத்தின் மீதான தாக்குதலா என்று கேட்டால், அமெரிக்கச் சட்டம் படித்த ஒருவர் இல்லை என்றுதான் பதில் சொல்வார். அந்தப் பதில் சட்டப்படி சரியானது. ஆனாலும் அதைக் கேட்பவருக்கு எதுவும் விளங்கியிருக்காது. கருத்துச் சுதந்திரம், மத உணர்வு, தணிக்கை ஆகிய மூன்றையும் பற்றிய விவாதங்களில் ஏற்படும் குழப்பத்தில் பெரும்பகுதி, கத்தரிக்கோலைக் கையில் வைத்திருந்தது யார் என்ற கேள்வியை முதலிலேயே கேட்காமல் விடுவதால் வருவது. ஆகவே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இந்தச் சம்பவத்தைப் பார்க்கலாம்.

முதலில் அரசு. அமெரிக்க அரசமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது. அந்தத் தடை அரசுக்கு மட்டுமே உரியது. ஒரு தனியார் நிறுவனம் தன் சேனலில் எதை ஒளிபரப்பலாம், எதை ஒளிபரப்பக் கூடாது என்று முடிவு செய்வதை அது தடுக்காது. அப்படி முடிவு செய்வதும் அந்த நிறுவனத்தின் பேச்சுரிமையைச் சேர்ந்ததே என்பதுதான் அங்குள்ள சட்ட நிலை.

மத உணர்வு புண்படுகிறது என்ற காரணம் அமெரிக்க நீதிமன்றத்தில் எடுபடாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலிய இயக்குநர் ரொசெல்லினியின் ஒரு குறும்படத்தில், வழிப்போக்கன் ஒருவனைப் புனித யோசேப்பு என்று நம்பிக் கருவுறும் ஓர் ஏழைப் பெண் வருகிறாள். 1950 டிசம்பரில் நியூயார்க்கில் அது திரையிடப்பட்டதும், அந்நகரின் கத்தோலிக்கக் கர்தினால் ஸ்பெல்மன் கடுமையாகக் கண்டித்தார். திரையரங்கின் வாசலில் மறியல் நடந்தது. 1951 பிப்ரவரியில் மாநில அதிகாரிகள் அந்தப் படம் தெய்வ நிந்தனை என்று கூறி உரிமத்தை ரத்து செய்தார்கள். விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். ஒரு மதக் கோட்பாட்டின் மீதான தாக்குதலை, அது உண்மையானதாக இருந்தாலும் கற்பிதமாக இருந்தாலும், அடக்கி வைப்பது அரசின் வேலை அல்ல என்று 1952இல் அந்த நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எந்த மதத்துக்கு எந்த வகையான அவமதிப்பு தடை செய்யத்தக்கது என்று அளக்க ஓர் அதிகாரியை உட்கார வைத்தால், அவர் வலுவான மதத்தின் பக்கமே சாய்வார் என்ற கவலையும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. நையாண்டிக்கென்றே வந்த இன்னொரு தீர்ப்பு 1988ஆம் ஆண்டினுடையது. ஜெர்ரி ஃபால்வெல் என்ற புகழ்பெற்ற பாதிரியாரைத் தாயோடு தொடர்புபடுத்தி ஆபாசமாகக் கேலி செய்த ஒரு போலி விளம்பரம் 'ஹஸ்ட்லர்' பத்திரிகையில் வந்தது. அருவருப்பான கேலிதான் அது. ஆனால் பொது வாழ்வில் இருக்கும் ஒருவர், யாரும் உண்மை என்று நம்ப முடியாத ஒரு கேலிக்காக மன உளைச்சலைக் காரணம் காட்டி இழப்பீடு பெற முடியாது என்று எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் கூறிவிட்டார்கள்.

தொலைக்காட்சிக்கு மட்டும் ஒரு தனிக்கட்டுப்பாடு உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு, ஆனால் அது மதத்தைப் பற்றியது அல்ல. நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் வசைச் சொற்களைப் பற்றி ஆற்றிய தனியுரை ஒன்றை 1973இல் ஒரு நியூயார்க் வானொலி பகல் நேரத்தில் ஒலிபரப்பியது தொடர்பான வழக்கில், பொது அலைவரிசையில் குழந்தைகள் கேட்கக்கூடிய நேரத்தில் ஆபாசப் பேச்சைக் கட்டுப்படுத்த அரசின் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1978இல் தீர்ப்பானது. ஆன்டெனாவால் பிடிக்கும் சேனல்களுக்கு இது பொருந்தும். சந்தா கட்டிப் பார்க்கும் கேபிள் சேனலுக்குப் பொருந்தாது. காமெடி சென்ட்ரல் ஒரு கேபிள் சேனல். ஆக, 2010 ஏப்ரல் 21 அன்று அந்த உரையை அப்படியே ஒளிபரப்பியிருந்தால், அமெரிக்க அரசின் எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு கடிதம்கூட வந்திருக்காது.

அப்படியிருக்க, சேனல் ஏன் கத்தரியை எடுத்தது? இதற்கு விடை காண மூன்று ஆண்டுகளை ஒப்பிட வேண்டும். ஒரே தொடர், ஒரே சேனல், ஒரே உருவம். மாறியது காலம் மட்டுமே என்பதால், இவ்வளவு தெளிவான சான்று இந்த விவாதத்தில் வேறெங்கும் கிடைப்பது அரிது என்பேன்.

2001 ஜூலை 4 அன்று வெளியான ஒரு பகுதியில் இயேசு, புத்தர், மோசே, கிருஷ்ணர் ஆகியோருடன் நபிகள் நாயகமும் தீமையை எதிர்த்துப் போராடும் அதிநாயகர் குழுவில் ஒருவராக வெளிப்படையாக வரையப்பட்டிருந்தார். பீப் ஒலி இல்லை, கறுப்புப் பட்டை இல்லை. குறிப்பிடத்தக்க எதிர்ப்பு எதுவும் எழவில்லை. அந்தப் பகுதி ஆண்டுக்கணக்கில் மறுஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது.

2005 செப்டம்பர் 30 அன்று டென்மார்க்கின் 'யூலன்ஸ் போஸ்டன்' நாளிதழ் நபிகள் நாயகத்தைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. 2006 பிப்ரவரியில் டமாஸ்கஸிலும் பெய்ரூத்திலும் டென்மார்க்கின் தூதரகக் கட்டடங்கள் எரிக்கப்பட்டன. பல நாடுகளில் ஆர்ப்பாட்டங்களில் உயிர்கள் பறிபோயின. இந்தப் பின்னணியில் 2006 ஏப்ரலில் சவுத் பார்க் இரு பகுதிகளில் இதையே கதையாக்கியது. இரண்டாம் பகுதியில் நபி தோன்ற வேண்டிய இடத்தில் திரை கறுத்து, இந்த உருவத்தை ஒளிபரப்ப காமெடி சென்ட்ரல் மறுத்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. கதாசிரியர்கள் அதோடு விடவில்லை. சில நொடிகளிலேயே இயேசுவையும் அதிபர் புஷ்ஷையும் அமெரிக்கக் கொடியையும் மலத்தோடு சேர்த்து இழிவுபடுத்தும் ஒரு காட்சி வந்தது. சேனல் அதைத் தொடவில்லை. ரசனைக் குறைவான காட்சி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்கள் சொல்ல வந்தது அந்த ரசனைக் குறைவின் வழியாகவே சொல்லப்பட்டது: சேனலின் அளவுகோல் புண்படுத்துவது அல்ல, ஆபத்து என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

2010இல் வந்த 200ஆம், 201ஆம் பகுதிகள் இதன் நீட்சியே. அதுவரை தொடரில் கேலிக்குள்ளான 200 பிரபலங்கள் டாம் குரூஸின் தலைமையில் சேர்ந்து ஊரின் மீது வழக்குத் தொடுக்கிறார்கள். நபிகள் நாயகத்தை அழைத்து வந்தால் வழக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்கிறார்கள். உலகில் யாராலும் கேலி செய்ய முடியாதவர் அவர் ஒருவரே, அந்தச் சக்தி எங்களுக்கும் வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. அவரை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஊர்க்காரர்கள் அவரைக் கரடி வேடத்துக்குள் வைத்து அழைத்து வருகிறார்கள். 200ஆம் பகுதி வெளியானதும், நியூயார்க்கைத் தளமாகக் கொண்ட ஒரு சிறு தீவிரவாதக் குழுவின் இணையதளத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. பார்க்கருக்கும் ஸ்டோனுக்கும், இஸ்லாத்தை விமர்சித்த குறும்படம் எடுத்ததற்காக 2004 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் தெருவில் கொல்லப்பட்ட டச்சு இயக்குநர் தியோ வான் கோவின் முடிவே நேரக்கூடும் என்றது அது. கூடவே அவருடைய உடலின் படமும் இருந்தது. இது மிரட்டல் அல்ல, நடக்கக்கூடியதைச் சொல்கிறோம் என்று எழுதியவர் சமாதானம் கூறினார். ஒரு வாரம் கழித்து வந்த 201ஆம் பகுதியில் நபியின் பெயர் வரும் இடமெல்லாம் பீப் ஒலி. கதையின்படி அந்தக் கரடி வேடத்துக்குள் இருந்தவரோ, கடைசியில் பார்த்தால், கிறிஸ்துமஸ் தாத்தா.

இங்கே முஸ்லிம்களின் தரப்பையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நபியை உருவமாக வரைவது கூடாது என்ற கருத்து, குர்ஆனில் நேரடித் தடையாக இடம்பெற்றதல்ல. நபியின் சொல்லும் செயலும் பதிவான ஹதீஸ்களிலிருந்தும் மார்க்க அறிஞர்களின் விளக்கங்களிலிருந்தும் வளர்ந்து, குறிப்பாகச் சுன்னி முஸ்லிம்களிடையே ஆழ வேரூன்றியது. வழிபாடு இறைவனிடமிருந்து மனிதரை நோக்கித் திரும்பிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் அடியில் இருக்கிறது. பாரசீக, உதுமானிய ஓவியங்களில் நபியின் உருவம் இடம்பெற்ற காலமும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் முகம் திரையால் மறைக்கப்பட்டிருக்கும். ஆக, இது சட்டென்று கிளம்பிய தொட்டாற்சிணுங்கித்தனம் அல்ல. இன்னொன்று, கேலி எல்லாரையும் ஒரே எடையில் தாக்குவதில்லை. பெரும்பான்மை மதத்தைக் கேலி செய்யும்போது அதைச் சேர்ந்தவர் சிரித்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் சிறுபான்மையினருக்கு அதே கேலி மறுநாள் பள்ளியிலும் அலுவலகத்திலும் பின்தொடரும். நம்பிக்கையைக் கேலி செய்வதும் நம்புகிற மனிதரை இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல என்று ஏட்டில் பிரித்துவிடலாம். அன்றாட வாழ்க்கையில் அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடுவதில்லை.

புண்பட்டவர் என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றக் கட்டடத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அங்குள்ள நீதிமன்ற அறையின் சுவரில், உலகின் பெரும் சட்டம் தந்தவர்கள் என்ற வரிசையில், 1930களில் செதுக்கப்பட்ட நபிகள் நாயகத்தின் சிற்பம் உள்ளது. மரியாதைக்காகச் செய்ததுதான், என்றாலும் சிலை சிலைதான். 1997இல் அமெரிக்க முஸ்லிம் அமைப்புகள் அதை அகற்றவோ மாற்றவோ வேண்டினார்கள். தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் சிற்பத்தை மாற்ற மறுத்தார். ஆனால் பார்வையாளர்களுக்கான குறிப்பில், இது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட முயற்சி என்றும், நபியின் உண்மையான தோற்றத்தோடு இதற்குத் தொடர்பில்லை என்றும், முஸ்லிம்கள் இத்தகைய சித்திரிப்பை ஏற்பதில்லை என்றும் திருத்தம் செய்யப்பட்டது. கோரிக்கை, மறுப்பு, பாதி இணக்கம் என்று அது முடிந்தது.

மதத் தரப்பின் அழுத்தம் முஸ்லிம்களிடமிருந்து மட்டும் வந்தது என்று நினைத்தால் அதுவும் தவறு. கன்னி மரியாளின் சிலையை ஆபாசமாகச் சித்திரித்த ஒரு பகுதி 2005 டிசம்பரில் வந்தபோது கத்தோலிக்க அமைப்பு ஒன்று கொதித்தெழுந்தது. அந்த மாதக் கடைசியில் வர வேண்டிய மறுஒளிபரப்பைச் சேனல் நிறுத்தியது. சயின்டாலஜி என்ற அமெரிக்கப் புதிய மதத்தைக் கேலி செய்த பகுதிக்கும் 2006 மார்ச்சில் மறுஒளிபரப்பு தடைபட்டது. அதே மாதம், அந்த மதத்தைப் பின்பற்றியவரும் தொடரில் சமையற்காரர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவருமான பாடகர் ஐசக் ஹேஸ் விலகுவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் இந்த இரண்டு பகுதிகளும் பிறகு திரைக்குத் திரும்பின. கண்டன அறிக்கையும் சந்தா ரத்து மிரட்டலும் ஓர் ஒளிபரப்பைத் தள்ளிப்போடும். கொலை மிரட்டல் அதை நிரந்தரமாகவே விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்கும்போது, ஓர் எதிர்ப்பு எவ்வளவு நியாயமானது என்பதை வைத்து அல்ல, எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதை வைத்தே நிறுவனங்கள் முடிவெடுத்திருப்பது தெரிகிறது. அமைதியாகக் கடிதம் எழுதிய முஸ்லிமுக்கும் இதனால் இழப்புதான்; அவர் குரலுக்குக் கிடைக்காத மதிப்பு, அவர் பெயரைச் சொல்லிக் கத்தியைக் காட்டியவனுக்குக் கிடைத்துவிட்டது.

கேட்பவர் கலவரம் செய்வார் என்ற அச்சத்தால் பேசுபவரின் வாயை அடைப்பதை அமெரிக்கச் சட்ட வழக்கில் 'கூச்சலிடுபவரின் வீட்டோ' என்பார்கள். அரசு இதற்குப் பணியக் கூடாது என்பது அங்கு நிலைபெற்ற கொள்கை. நம் நாட்டிலும் இதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியதுதான். இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 1989இல் அதை மீட்டுக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம், ஊர்வலம், வன்முறை மிரட்டல் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றது அந்தத் தீர்ப்பு. மத உணர்வு என்று வரும்போது மட்டும் இந்தியச் சட்டம் அமெரிக்கச் சட்டத்திலிருந்து விலகுகிறது: 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக இருக்கிறது; வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு வகுப்பினரின் மத உணர்வைப் புண்படுத்துவது இங்கே குற்றம்.

பிரிட்டனின் வழி வேறு. அங்கே மத நிந்தனை நெடுங்காலம் குற்றமாக இருந்தது. அதிலும் அது காத்தது கிறிஸ்தவத்தை மட்டுமே. 2005 ஜனவரியில் இயேசுவைக் கேலிப் பாத்திரமாக்கிய ஓர் இசை நாடகத்தை பிபிசி ஒளிபரப்பியபோது, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. எதிர்ப்புக் குழு ஒன்று பிபிசி அதிகாரிகளின் வீட்டுத் தொலைபேசி எண்களை இணையத்தில் போட்டது. பிபிசியின் தலைமை இயக்குநர் மார்க் தாம்சன் தாமே பக்தியுள்ள கத்தோலிக்கர், அவர் பின்வாங்கவில்லை. மத நிந்தனை வழக்குப் போட முயன்றவர்களை 2007 டிசம்பரில் உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2008இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் குற்றமே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

அப்படியானால் காமெடி சென்ட்ரல் கோழைத்தனமாக நடந்துகொண்டதா? எளிதில் அப்படிச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அச்சம் கற்பனை அல்ல. 2015 ஜனவரியில் பாரிஸில், நபியின் கேலிச்சித்திரங்களை வெளியிட்ட 'ஷார்லி எப்தோ' நையாண்டி இதழின் அலுவலகத் தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். சேனலின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் கதையை எழுதியவர் அல்ல. குண்டு அவரையும் விட்டுவைக்காது. அவருடைய உயிரை மற்றவருடைய கொள்கைக்காகப் பணயம் வைக்க ஒரு நிர்வாகி தயங்குவதில் நியாயம் இருக்கிறது. எனக்கு ஏற்க முடியாதது அந்தத் தயக்கம் அல்ல, அதன் எல்லை. உருவத்தை மறைத்ததைப் புரிந்துகொள்ளலாம்; பெயரை மறைத்ததையும் எப்படியோ விளக்கிவிடலாம். அச்சத்தைப் பற்றிப் பேசிய உரையை அச்சத்தினால் மறைத்ததற்கு எந்த மத உணர்வும் காரணமாக முடியாது. 2014இல் அந்த உரை இணையத்தில் கசிந்தபோது, மிரட்டினால் காரியம் நடக்கிறது என்று கைல் கசப்போடு சொல்வதைத்தான் கேட்க முடிந்தது. அதை எழுதிய வேளையில் தங்கள் வசனத்தை மெய்யாக்கப் போவது தங்கள் சேனலே என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த வாரமே 'சிம்ப்சன்ஸ்' தொடரில் பார்ட் என்ற சிறுவன் கரும்பலகையில், இவ்வளவு பயமாக இல்லாவிட்டால் உங்கள் பக்கத்தில் நிற்போம் என்று சவுத் பார்க்குக்கு எழுதினான். சக கலைஞர்களின் ஆதரவும் அச்சமும் அந்த ஒரே வரியில் அடங்கியிருந்தன.

அரசு தூங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த எச்சரிக்கையை எழுதியவர் வர்ஜீனியா மாநிலத்து இளைஞர். மிரட்டல் விடுத்தது, சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாத இயக்கத்துக்கு உதவ முயன்றது ஆகிய குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். 2011இல் 25 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பேச்சுரிமையை இவ்வளவு விரிவாகக் காக்கும் நாட்டிலும் கொலை மிரட்டலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் அவர் சிறைக்குப் போன பிறகும் அந்தப் பகுதி வெளியே வரவில்லை. 2020இல் எச்பிஓ மேக்ஸ் என்ற இணையவழிக் காட்சித் தளத்தில் தொடர் ஏறியபோது நபிகள் நாயகம் தொடர்பான ஐந்து பகுதிகள் விடப்பட்டன. அவற்றுள் 2001இல் யாருக்கும் உறுத்தாமல் ஓடிய பகுதியும் ஒன்று.

பழைய வகைத் தணிக்கையோடு ஒப்பிட்டால் இதில் ஒரு விசித்திரம் தெரியும். 1951இல் நியூயார்க் அதிகாரிகள் பர்ஸ்டினின் உரிமத்தை ரத்து செய்தபோது, ஓர் ஆணை இருந்தது. அதில் காரணம் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு மேல்முறையீடு செய்ய நீதிமன்றமும் இருந்தது. அதனால்தான் அவர் ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் வென்றார். பார்க்கருக்கும் ஸ்டோனுக்கும் அப்படி எதிர்த்து வழக்காடத்தக்க ஆணை எதுவும் கையில் இல்லை. ஒளிபரப்பு உரிமை நிறுவனத்துடையது, முடிவும் நிறுவனத்துடையது. முதல் திருத்தத்தைக் காட்டி அதைக் கேள்வி கேட்க எந்த நீதிமன்றத்திலும் இடமில்லை. மிரட்டியவர் சிறைக்குப் போனார், அரசு யாரையும் தடுக்கவில்லை, சட்டம் அவர்கள் பக்கமே நிற்கிறது. 201ஆம் பகுதியை அவர்கள் எழுதிய வடிவில் காமெடி சென்ட்ரல் இதுவரை ஒளிபரப்பவில்லை.